குழியிலிருந்து ஏற எட்டு வாரம்

லிஃப்ட் பெட்டிக்கு அடியில், தரைக்குக் கீழே, நெஞ்சுயரத்துக்கு ஒரு குழி இருக்கும். லிஃப்டில் போய்வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குள் இறங்கி, குப்பை அள்ளி, எண்ணெய் துடைத்து, கம்பிகளைப் பார்த்துவிட்டு ஏறி வருவது இருபத்து மூன்று வருடமாக என் பிழைப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் குழியிலிருந்து என்னால் ஏற முடியவில்லை.

சுவர் ஏணியின் மேல்படி வரைக்கும் வந்துவிட்டேன். அங்கிருந்து வாசல் சட்டத்தின் மேல் முழங்காலைத் தூக்கி வைத்து, உடம்பை இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். முழங்காலைத் தூக்கினேன், வயிறு தடுத்தது. இரண்டாவது தடவை கை வழுக்கியது. மூன்றாவது தடவை மூச்சு வாங்க ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே நின்ற மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், என் காலரையும் இடுப்பு வாரையும் பிடித்து மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி வெளியே போட்டார். நானும் அவரும் ஒரே கம்பெனியில் ஜோடியாக வேலை பார்க்கிறோம். ஒருவர் கீழே என்றால் இன்னொருவர் மேலே.

"மாப்ள, எங்க வீட்டுப் பொண்ணு நல்லா சமைப்பான்னு தெரியும். அதுக்காகச் சட்டியோட காலி பண்ணணுமா?" என்றார்.

"வாய மூடுங்க மச்சான்" என்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். அன்றைக்கு அவமானமும் சேர்ந்துகொண்டது, ஏனென்றால் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அந்த நேரம் பார்த்து அங்கே வந்து நின்றிருந்தார். கண்ணாடி போட்ட, சத்தம் போட்டுப் பேசாத பெண்மணி. நான் எழுந்து சட்டையைத் தட்டிக்கொள்ளும் வரை காத்திருந்தார்.

"குழிக்குள்ள இருக்கறவர் தானா ஏறி வரணும். முடியலைன்னா, தூக்கக் குனியறவருக்கும் சேர்த்து ஆபத்து. நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை உங்களுக்கு" என்றார். எட்டு வாரம் கொடுத்தார். பன்னிரண்டு கிலோ கருவிப் பையோடு நான்கு நிமிடத்தில் ஆறு மாடி ஏற வேண்டும். பிறகு குழிக்குள் மூன்று முறை இறங்கி, யாருடைய கையும் படாமல் மூன்று முறை ஏற வேண்டும். அதுவரைக்கும் மச்சான் இறங்குவார், நான் மேலே நிற்பேன். எட்டு வாரத்திலும் முடியாவிட்டால் புகார் மேசை.

புகார் மேசை என்றால் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, "கதவு முழுசா மூடியிருக்கான்னு பாருங்க சார்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை. அதைச் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டும்போது எழுப்பும் முனகலைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவன் நான். அந்தக் காதில் போய் டெலிஃபோனை மாட்டுவதா? வீடு வரைக்கும் யாரையென்று இல்லாமல் திட்டிக்கொண்டே வந்தேன்.

என் மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு மடித்து அடுக்கும் பிரிவு. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. சாயந்திரம் கணுக்கால் இரண்டும் பன் போல வீங்கியிருக்கும். நான் சொன்னதையெல்லாம் வாளித் தண்ணீரில் கால்களை வைத்தபடி கேட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தால், "எட்டு வாரம்னா அம்பத்தாறு நாள். இன்னைக்கு ஒண்ணு போச்சு" என்றாள்.

"ஜிம்முல சேரலாம்னு பாக்குறேன்."

"எப்போ போவீங்க?"

அதுதான் கேள்வி. காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர சாயந்திரம் ஏழாகும். ஞாயிற்றுக்கிழமை யாராவது எங்காவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். தவிர, ஜிம் மேல் எனக்குப் பெரிய மரியாதையும் கிடையாது. முதல் மாடியில் ஜிம் இருக்கும் கட்டடம் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. ஓடுகிற இயந்திரத்தில் ஏறி ஓடுவதற்காக, ஒரே ஒரு மாடிக்கு லிஃப்டுக்குக் காத்து நிற்கிறவர்களை அங்கேதான் பார்த்தேன்.

"அரை மணி நேரம் சேர்ந்தாப்புல கிடைக்காது. பத்துப் பத்து நிமிஷமா மூணு தடவை கிடைக்கும்" என்றாள் மனைவி. "பத்து நிமிஷம் இல்லாத வீடு எங்கயும் இல்லீங்க. அளவு மட்டும் சொல்லுங்க. அந்த ஏணி மேல்படிக்கும் வாசலுக்கும் எவ்வளவு உயரம்?"

அது மனப்பாடம். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். வீட்டிலிருந்த பழைய மரப்பெட்டியை இழுத்துப் போட்டு டேப் வைத்து அளந்தேன். நாற்பத்தாறு. அவள் உள்ளே போய் ஒரு கம்பளியை எடுத்து வந்து, நாலாக மடித்து, உள்ளங்கையால் தட்டி அதன் மேல் வைத்தாள். மறுபடி அளந்தேன். சரியாக நாற்பத்தெட்டு. தொழில்காரி.

கைக்கு வலு வர ஒரு வழியும் அவளே கண்டுபிடித்தாள். பழைய கெட்டிப் படுக்கை விரிப்பு ஒன்றை முறுக்கி, ஒரு முனையில் பெரிய முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைச் சமையலறைக் கதவின் மறுபக்கம் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மறுமுனையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, உடம்பை மேலே இழுக்க வேண்டும். "ரெண்டு ஆள் தொங்கினாலும் கிழியாது. துணியப் பத்தி எனக்குத் தெரியும்" என்றாள். அப்புறம் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். பால் பொங்குகிற வரைக்கும் சமையல் மேடையைப் பிடித்துச் சாய்ந்து சாய்ந்து நிமிர வேண்டும். எங்கள் வீடு மூன்றாம் மாடி. இனிமேல் படி மட்டும்தான். எங்கள் கட்டடத்து லிஃப்ட் எதிரிக் கம்பெனி போட்டது, ஆகவே அதில் எனக்கு வருத்தமில்லை.

எண்ணிக்கைக்கும் அவளிடம் ஒரு முறை இருந்தது. சலவைக்கூடத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரிப்பு மடிக்கும்போது சொல்லிக்கொள்வார்களாம்: "விரி, மடி, தட்டு, வை." நாலு சொன்னால் ஒரு துணி. முதல் நாள் அவள் பத்துத் துணி சொன்னாள். எனக்கு ஆறாவது துணியிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அப்பா, பரீட்சைக்கு நான் படிக்கணும். நீங்க மூச்சு விடுற சத்தத்துல பக்கம் தானா திரும்புது" என்றாள் என் மகள், பக்கத்து அறையிலிருந்து.

என் பங்குக்கு நான் ஓர் அட்டை கொண்டு வந்தேன். ஒவ்வொரு லிஃப்டின் இயந்திர அறையிலும் நூலில் கட்டி ஒரு பராமரிப்பு அட்டை தொங்கும். நாலு கட்டம்: தேதி, வேலை, செய்தவர், சரிபார்த்தவர். வேலையைச் செய்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் நாங்கள் கையெழுத்துப் போடுவோம். நாலாவது கட்டம் மேற்பார்வையாளருக்கு. எழுதாத அட்டை ஒன்றைச் சமையலறைக்குள் கதவருகே ஆணியில் மாட்டி, பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அந்த அட்டை எனக்குச் சாமானியப் பொருள் இல்லை. அவசரத்தில் இருக்கிற சில மெக்கானிக்குகள் லிஃப்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அட்டைகளை மட்டும் கழற்றி வந்து வண்டியில் உட்கார்ந்தபடியே பத்து அட்டைக்குக் கையெழுத்துப் போடுவார்கள். அப்படிப் போட்ட ஒருவனின் காலரைப் பிடித்து, கம்பெனியில் எச்சரிக்கை ஓலை வாங்கியவன் நான். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு பொய்க் கையெழுத்துக் கிடையாது என்பதுதான் என் ஒரே ஜம்பம்.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் போயிற்று. காலை ஐந்து மணிக்கு அவள் எழுப்புவாள். நான் திட்டிக்கொண்டே எழுந்திருப்பேன், முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். நாலாவது கட்டத்தில் அவள் போடுவாள்.

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து கட்டடங்களில் குழிக்குள் தண்ணீர். நாங்கள் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாக அலைந்தோம். வீட்டுக்கு வந்ததும் ஈர பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தேன். அந்த வாரம் அவள் எழுப்பவில்லை, நானாகவும் எழவில்லை. சனிக்கிழமை பார்த்தால் அட்டையில் என் கட்டம் ஐந்து நாளும் வெறுமையாகப் பல்லை இளித்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து மட்டும் ஐந்து நாளும் இருந்தது.

பாவம், பார்க்காமலேயே போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் மேற்பார்வையாளர்களும் அப்படித்தான், மாதம் பிறக்கும்போதே ஒரு பக்கம் முழுக்கச் சரிபார்த்துவிடுவார்கள். சரி, அவள்தான் நம்பிவிட்டாளே, நடுவில் நான் ஏன் ஓட்டை விட வேண்டும்? இது என்ன, லிஃப்டா? வீட்டு அட்டைதானே. அந்த ஐந்துக்கும் கையெழுத்துப் போட்டேன். வேறு வேறு நாளில் போட்டது போலத் தெரியட்டும் என்று பேனாவைக்கூட இரண்டு தடவை மாற்றினேன். அடுத்த வாரமும் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நாலு. ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி வாக்கில் தாகம் எடுத்து எழுந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. கதவு சாத்தியிருந்தது, முடிச்சு என் பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அது இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. உள்ளேயிருந்து மெதுவான குரல்: "விரி, மடி, தட்டு, வை."

கதவின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் மனைவி, கணுக்கால் இரண்டிலும் பட்டை சுற்றிக்கொண்டு, விரிப்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, தன்னை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். பத்துத் துணி முடித்தாள். பிறகு மரப்பெட்டியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்தது. முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நூலில் தொங்கிய பேனாவை எடுத்து நாலாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் யாரையும் சரிபார்க்கவில்லை. அவள் செய்ததற்குத்தான் அவள் போட்டிருக்கிறாள். நான் போர்த்திக்கொண்டு படுத்திருந்த எல்லா நாளும் அவள் செய்திருக்கிறாள். அவளுக்கு எந்தச் சோதனையும் இல்லை, எந்த அதிகாரியும் கெடு வைக்கவில்லை. எட்டு மணி நேரம் நிற்கப் போகிறவள் அவள். அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் பொய்யைப் பேனா மாற்றிப் போட்டு வைத்திருந்தேன். அவமானத்தில் காது சுட்டது.

கதவைத் தட்டினேன். "கதவத் திற. நானும் செய்யுறேன்" என்றேன்.

கதவைத் திறந்து, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஒரு நாளும் விடவில்லை. ஐந்து மணிக்கு அவளோடு பத்து நிமிடம். மதியம் சாப்பாட்டுக்கு முன் இயந்திர அறைச் சுவரில் கை ஊன்றிப் பத்து நிமிடம். மச்சான் வேண்டுமென்றே, "ஏழு, எட்டு, எட்டு, எட்டு" என்று எண்ணுவார். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கருவிப் பையைக் கழற்றாமல் மூன்று மாடியையும் இரண்டு தடவை ஏறி இறங்குவேன். பால் மூன்று முறை பொங்கி வழிந்தது, இரண்டு முறை என்னால், ஒரு முறை அவளால். ஆறாவது வாரத்தில் மரப்பெட்டியின் மேல் கை தொடாமல் முழங்கால் போய் உட்கார்ந்தது. இடுப்பு வாரில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். அவள் சாயந்திரம் வாளித் தண்ணீர் கேட்பதை மறந்துபோன நாட்களும் வந்தன.

சோதனை நாளன்று காலையில் அவள் எனக்கு முன்பே வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "வேகமா ஏறாதீங்க. துணி மடிக்கிற வேகம் போதும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆறு மாடியையும் அந்த வேகத்தில்தான் ஏறினேன். பாதுகாப்பு அதிகாரி கையில் கடிகாரத்தோடு மேலே நின்றார். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. பிறகு குழி. முதல் இரண்டு தடவையும் ஏறிவிட்டேன். மூன்றாவது தடவை மேல்படிக்கு வந்து நின்றேன். அதே படி, அதே வாசல் சட்டம். நிமிர்ந்து பார்த்தால் மச்சான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கை நீட்டிவிடுவோமோ என்று அவருக்கே பயம் போல. இந்த ஒரு படிதான், அப்புறம் ஒன்று குழி, இல்லையென்றால் டெலிஃபோன்.

விரி. மூச்சை இழுத்தேன். மடி. முழங்காலைத் தூக்கினேன். தட்டு. நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் கம்பளி இல்லை, இரும்புச் சட்டம் இருந்தது, வலித்தது. வை. உடம்பை இழுத்து வெளியே வைத்தேன்.

"என்னமோ முணுமுணுத்தீங்களே?" என்று கேட்டார் அதிகாரி.

"துணி மடிச்சேன் மேடம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். "எந்த ஜிம்?" என்றார்.

"வீடுதான் மேடம்" என்றேன். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கருவிப் பையை மூடுவது போல நடித்தார், பை ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

சாயந்திரம் அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்தேன். தேறிய தாளை அட்டையின் பக்கத்தில் மாட்டப் போனவன் அப்படியே நின்றேன். அந்த ஒன்பது கையெழுத்தும் என்னைப் பார்த்தன. எங்கள் தொழிலில் அட்டையில் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே கோடு போட்டு, பக்கத்தில் எழுதியவரும் இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்பதுக்கும் கோடு போட்டு, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டு வைத்தேன்.

அவள் வந்ததும் முதலில் தாளைக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்து நின்றாள். அப்புறம் அட்டையை நீட்டினேன்.

"இது என்னங்க?"

"பொய். செய்யாமலே போட்டது. நீயும் பக்கத்துல கையெழுத்துப் போடணும், அப்பதான் செல்லும்."

அட்டையை வாங்கி விரல் வைத்து எண்ணினாள். "ஒம்பது இல்லீங்க. பத்து."

"பத்தா?"

"ரெண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை. முதுகு பிடிச்சிருக்குன்னு திரும்பிப் படுத்துட்டீங்க. சாயந்திரம் வந்து பழக்கத்துல போட்டுட்டீங்க."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அவளுக்கு இருந்தது. பத்தாவது கோட்டையும் போட்டேன்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா சண்டைக்கு வருவீங்க. சண்டை போட்டா மறுநாளும் செய்ய மாட்டீங்க."

"சரி, நீ ஏன் தனியா செஞ்சே? நீ செஞ்சா என் தொப்பை கரையுமா?"

சிரித்தாள். பிறகு சொன்னாள்: "ஒருநாள் நீங்களா எழுந்து வருவீங்கன்னு தெரியும். வரும்போது வெளக்கு எரியணும், துணி கட்டியிருக்கணும். விட்டுப்போனத மறுபடி ஆரம்பிக்கிறோம்னு தோணக் கூடாது. வந்து நின்னா போதும்னு இருக்கணும்னு நெனச்சேன். சும்மா வெளக்கப் போட்டுட்டு உக்காந்திருக்க முடியுமா? அதான் செஞ்சேன்."

எங்கள் இருவருக்கும் இடையில் நன்றி சொல்லிக்கொள்கிற வழக்கம் கிடையாது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். "நீ இல்லேன்னா நான் இன்னும் அந்தக் குழியிலதான் நின்னுட்டிருப்பேன். ரொம்ப நன்றிம்மா" என்றேன்.

"அங்க தூக்கிவிட எங்க அண்ணன் இருக்காரே" என்றாள். ஆனால் பேனாவை வாங்கிப் பத்துக் கோட்டுக்குப் பக்கத்திலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு நான் முதலில் எழுந்தேன். அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனம் வரவில்லை. சமையலறை விளக்கைப் போட்டேன். முடிச்சைக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிச் சாத்தினேன். கம்பளியை நாலாக மடித்துத் தட்டி, பெட்டியின் மேல் வைத்தேன். பத்துத் துணி தனியாக மடித்து முடித்துவிட்டு, அட்டையில் என் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, விளக்கை அணைக்காமல் நின்றேன்.